கேஜன் ஜம்பலாயா: சங்கதி எல்லாம் சட்டியின் அடியில்

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் இறைச்சியையும் அரிசியையும் ஒரே சட்டியில் வேகவைத்துச் செய்யும் சோறுதான் ஜம்பலாயா. அந்தப் பெயரைத் தேடினால் வரும் படங்களில் பாதிக்கு மேல் சிவப்பாக இருக்கும். தக்காளி போட்டு, மேலே இறால் அடுக்கி, பார்க்கவே அழகாக இருக்கும். அது நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கிரியோல் சமையல். நான் எழுதப்போவது அதைப் பற்றி இல்லை. நியூ ஆர்லியன்ஸிலிருந்து மேற்கே ஒரு மணி நேரம் காரில் வந்தால் கொன்சாலஸ் என்ற சின்ன ஊர் வரும். அங்கும், பக்கத்திலுள்ள பேட்டன் ரூஜிலும், இன்னும் மேற்கே லாஃபயெட் பக்கத்தில் பிரெஞ்சு வழிவந்த கேஜன் மக்களின் வீடுகளிலும் ஜம்பலாயா என்றால் பழுப்பு நிறச் சோறுதான். தக்காளி கிடையாது. நிறத்துக்கென்று எந்தப் பொடியும் கிடையாது. இறைச்சியும் வெங்காயமும் இரும்புச் சட்டியின் அடியில் ஒட்டிச் சிவந்து, அந்தச் சிவப்பைத் தண்ணீர் விட்டுக் கரைத்து, அதில் அரிசியை வேகவைப்பார்கள். நிறமும் ருசியும் அங்கிருந்துதான் வருகின்றன.

பேட்டன் ரூஜில் குடியிருக்கும் எங்களுக்கு இந்தச் சமையல் பக்கத்து வீட்டுப் பெரியவர் மூலமாக வந்தது. கொன்சாலஸ் பக்கம் பிறந்து வளர்ந்தவர். தேவாலயத்துக்கு நிதி திரட்ட வேண்டுமென்றாலும், யார் வீட்டிலாவது துக்கம் என்றாலும், வாசலில் பெரிய சட்டியை ஏற்றிவிடுவார். அளவெல்லாம் வாயால் சொல்ல மாட்டார். "இங்கே வந்து நின்று பார்" என்பார். பார்த்ததையும் பிறகு வீட்டில் செய்து செய்து கைக்கு வந்ததையும்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்தச் சோற்றுக்குப் பின்னால் பலருடைய கை இருக்கிறது. 1755-ல், இன்று கனடாவில் இருக்கும் நோவா ஸ்கோஷியாவிலிருந்து பிரெஞ்சு பேசும் அகேடியர்களை ஆங்கிலேய அரசு விரட்டியது. அவர்களில் ஒரு பகுதியினர் 1760-களில் லூசியானாவுக்கு வந்து சேர்ந்தார்கள். கேஜன் மக்கள் என்று இன்று சொல்லப்படுகிறவர்கள் அவர்களுடைய வழியினர். ஆனால் நெல் அதற்கு முன்பே இங்கு வந்துவிட்டது. 1719-ல் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளை ஏற்றி வந்த கப்பல்களில் விதைநெல்லும் வந்தது. அதைப் பயிர் செய்யத் தெரிந்தவர்களும் அந்தக் கப்பல்களில் கட்டுண்டு வந்தவர்களே. ஒரே சட்டியில் இறைச்சியோடு அரிசியை வேகவைக்கும் பழக்கம் மேற்கு ஆப்பிரிக்காவிலும் உண்டு, ஸ்பெயினிலும் உண்டு. லூசியானா சில பத்தாண்டுகள் ஸ்பெயினின் ஆட்சியிலும் இருந்தது. இதைக் கேஜன் உணவு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகும்போது அந்த ஆப்பிரிக்கர்களின் பங்கு மறைந்துபோகிறது. அதனால்தான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கொன்சாலஸில் 1968 முதல் ஜம்பலாயா திருவிழா நடக்கிறது. உலகத்தின் ஜம்பலாயா தலைநகரம் என்ற பட்டமும் அந்த ஊருக்கு உண்டு. போட்டியில் விறகடுப்பு மூட்டி, வார்ப்பிரும்புச் சட்டி வைத்து, ஆள் உயரத்துக்குக் கிட்டத்தட்ட வரும் துடுப்பால் கிளறுவார்கள். முதல்முறை அங்கே போனபோது நான் கவனித்தது ஒன்றுதான். அடுப்பைப் பற்றவைத்து வெகுநேரம் ஆகியும் யாரும் அரிசி மூட்டையைத் தொடவே இல்லை. எல்லோரும் சட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டு இறைச்சியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். நம் வீட்டுச் சமையலிலும் நேரத்தை அப்படித்தான் பிரிக்க வேண்டும். மொத்தம் இரண்டரை மணி நேரம் என்றால், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் அரிசி போடுவதற்கு முந்தைய வேலைக்கே போய்விடும்.

எட்டுப் பேர் வயிறு நிறையச் சாப்பிடும் அளவைச் சொல்கிறேன். பன்றியின் தோள்பகுதி இறைச்சி அரைக் கிலோ, ஒரு அங்குலத் துண்டுகளாக. எலும்பில்லாத கோழித்தொடை அரைக் கிலோ. ஆன்டூயி என்ற புகைபோட்ட சாசேஜ் 400 கிராம், வட்டமாக வெட்டியது. பெரிய வெங்காயம் முக்கால் கிலோ; மிரள வேண்டாம், வதங்கியபின் ஒரு கைப்பிடிதான் மிஞ்சும். பச்சைக் குடைமிளகாய் ஒன்று, செலரித் தண்டு இரண்டு, பூண்டு எட்டுப் பல். நீள அரிசி மூன்று கப், கோழிச் சாறு (கோழி வேகவைத்த தண்ணீர்) ஐந்தேகால் கப். உப்பு, மிளகு, வெள்ளை மிளகு, கேயென் மிளகாய்த்தூள், காய்ந்த தைம் இலை கொஞ்சம், பிரிஞ்சி இலை இரண்டு. கடைசியில் தூவ வெங்காயத்தாளும் பார்ஸ்லியும். இவ்வளவுதான்.

வெங்காயம், குடைமிளகாய், செலரி மூன்றையும் சேர்த்து இங்கே 'புனித மூவர்' என்பார்கள். தெற்கு லூசியானாவில் பாதிச் சமையல் அந்த மூன்றில்தான் தொடங்குகிறது. செலரி கிடைக்காவிட்டால் விட்டுவிடலாம், பெரிய நஷ்டமில்லை. வெங்காயத்தைக் குறைத்தால் மட்டும் சோறு வெறிச்சென்று ஆகிவிடும்.

ஆன்டூயியைப் பற்றி ஒரு வார்த்தை. பன்றித்தோளைக் கொஞ்சம் பெரிய துண்டுகளாகவே அரைத்து, பூண்டும் மிளகும் சேர்த்துக் குடலில் அடைத்து, பெக்கான் மரக்கட்டைப் புகையில் வெகுநேரம் வைப்பார்கள். நியூ ஆர்லியன்ஸுக்கும் பேட்டன் ரூஜுக்கும் இடையிலுள்ள லாப்ளாஸ் என்ற ஊர் இதற்குப் பேர்போனது. சோற்றில் ஏறும் புகைவாசம் இதிலிருந்துதான் வருகிறது. வெளியூரில் கிடைக்காவிட்டால், நன்றாகப் புகைபோட்ட எந்தச் சாசேஜும் சரி. பன்றி சாப்பிடாத நண்பர்கள் வரும்போது கோழியோடு புகைபோட்ட வான்கோழிச் சாசேஜும், கூடவே புகைபோட்ட வான்கோழி இறக்கையும் போடுகிறேன். இறக்கையில் உள்ள தோலும் எலும்பும் சாற்றுக்கு நல்ல கனம் தரும். புகையே போடாத வெறும் சாசேஜில் செய்தால் சாப்பிடலாம், ஆனால் அது வேறொரு சோறு.

சட்டி விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. அடிகனமான வார்ப்பிரும்புச் சட்டி, குறைந்தது ஆறு லிட்டர் பிடிக்க வேண்டும், இறுக்கமான மூடி வேண்டும். எனாமல் பூசியதும் பரவாயில்லை. நான்ஸ்டிக் பாத்திரம் மட்டும் வேண்டாம். ஒட்டாமல் இருப்பதற்காகவே செய்யப்பட்ட பாத்திரம் அது. இங்கே நமக்கு ஒட்ட வேண்டும். பிரஷர் குக்கரும் கூடாது; ஆவியில் வெந்த இறைச்சிக்கு நிறம் ஏறாது, அரிசியும் குழைந்துவிடும்.

இனி முக்கியமான கட்டம். சட்டியை நன்றாகச் சூடாக்கி இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, பன்றித்துண்டுகளை மட்டும் முதலில் போடுங்கள். துண்டுகளுக்கு நடுவே இடம் இருக்கட்டும். இறைச்சியை நெருக்கமாக அடைத்தால் அதன் தண்ணீரே வெளியே வந்து தேங்கிவிடும். தண்ணீர் நிற்கிற வரைக்கும் சட்டியின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. இறைச்சி சிவந்து வாசம் வர 140 டிகிரிக்கு மேல் வேண்டும். எல்லாம் ஒரேயடியாகக் கொள்ளாவிட்டால் இரண்டு ஈடாகப் போடுங்கள்.

போட்டவுடன் கிளறக் கூடாது. இது நமக்குக் கொஞ்சம் கஷ்டம். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நிற்க நம்மால் முடியாது. ஆனால் நிற்க வேண்டும். முதலில் 'சளசள'வென்று சத்தம் வரும். அது தண்ணீரின் சத்தம். தண்ணீர் வற்றியதும் சத்தம் மாறி, கூர்மையான 'சுர்ர்' கேட்கும். அப்போது ஒரு துண்டைத் திருப்பிப் பாருங்கள். அடியில் சிவந்திருந்தால் மற்றதையும் திருப்பலாம். இதற்குள் சட்டியின் அடியில் பழுப்பாக ஒரு படலம் படிந்திருக்கும். அந்த நேரத்தில் அரைக் கரண்டி தண்ணீரோ சாறோ தெளித்து, தட்டை நுனியுள்ள மரக்கரண்டியால் அடியைச் சுரண்டுங்கள். படலம் கரைந்து இறைச்சியில் ஏறும். தண்ணீர் வற்றி மறுபடி ஒட்டும். மறுபடி தெளித்துச் சுரண்ட வேண்டும். இப்படி முப்பது, நாற்பது நிமிடம். ஒவ்வொரு சுற்றுக்கும் நிறம் ஒரு படி கூடும். பொன்னிறத்தில் ஆரம்பித்து, காபி டிகாக்ஷன் நிறத்துக்குப் போய் நிற்க வேண்டும்.

சிவந்ததற்கும் கருகியதற்கும் உள்ள வித்தியாசம் நொடிக்கணக்கில்தான் இருக்கிறது. மூக்கை நம்புங்கள். வறுத்த வாசம் வரும்வரை சரி. நெடி ஏறித் தொண்டையைப் பிடித்தால் உடனே தண்ணீர் தெளித்து, சட்டியை அடுப்பிலிருந்து நகர்த்துங்கள். சந்தேகம் வந்தால் சுரண்டிய சாற்றில் ஒரு சொட்டை ஆறவைத்து நாக்கில் வைத்துப் பாருங்கள். உப்பும் இனிப்பும் தெரிந்தால் தொடரலாம். கசந்தால் சட்டியை மாற்றி, இறைச்சியை மட்டும் எடுத்துக்கொண்டு மேலே போங்கள். கசப்பு பின்னால் எதைப் போட்டாலும் போகாது.

பன்றி சிவந்ததும் சாசேஜைச் சேர்த்து ஓரம் சிவக்கும்வரை புரட்டுங்கள். பிறகு இரண்டையும் வெளியே எடுத்துவிட்டு, கோழியைத் தனியாகப் போட்டுச் சிவக்கவைத்து எடுத்து வையுங்கள். கோழியைக் கடைசிவரை சட்டியிலேயே விட்டால் நார்நாராகப் பிரிந்துவிடும். இப்போது சட்டியில் இருப்பது கொழுப்பும் பழுப்புப் படலமும் மட்டும். வெங்காயம் முழுவதையும் கொட்டுங்கள், அது விடும் தண்ணீரே அடியை முழுதாகத் துடைத்து எடுத்துவிடும். அந்த நிமிடம் எனக்கு மிகவும் பிடித்தது. வெள்ளையாகப் போன வெங்காயம் ஒரு புரட்டு புரட்டியதும் பழுப்பாகத் திரும்பிவரும்.

அதைப் பார்த்து வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அது இறைச்சியின் நிறம். வெங்காயம் தானாகச் சிவக்க இன்னும் இருபத்தைந்து நிமிடம் வேண்டும். மிதமான தீயில், ஒட்டும்போதெல்லாம் தெளித்துச் சுரண்டி, உருத்தெரியாமல் குழையும்வரை வதக்க வேண்டும். அப்புறம் குடைமிளகாயும் செலரியும் ஐந்தாறு நிமிடம். பூண்டு கடைசியில், ஒரு நிமிடம் போதும்.

நேரத்தை மிச்சம்பிடிக்கக் குறுக்குவழிகள் உண்டு. சிலர் எண்ணெயில் ஒரு கரண்டி சர்க்கரையைக் கருக்கிக்கொண்டு அதில் இறைச்சியைப் போடுகிறார்கள். பழைய ஆட்களிடமும் அந்த வழக்கம் இருக்கிறது. சிலர் கடையில் விற்கும் நிறச் சாற்றைக் கொஞ்சம் ஊற்றுகிறார்கள். பெரிய கூட்டத்துக்குச் சமைப்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வீட்டில் எட்டுப் பேருக்குச் செய்யும்போது இரண்டும் தேவையில்லை. புட்டி ஊற்றினால் நிறம் வந்துவிடும், ருசி வராது.

மசாலா பற்றி நம்மவர்களுக்காகவே ஒன்று சொல்ல வேண்டும். பூண்டு போடும்போது இஞ்சி பூண்டு விழுதுப் பக்கம் கை நீளும். பட்டை கிராம்பு போட்டால் என்ன என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம். இஞ்சி விழுந்தால் புகைவாசம் அடிபட்டுப்போகும். கரம் மசாலா விழுந்தால் ஒரு மணி நேரம் சுரண்டியது எதுவும் தெரியாது. காரம் வேண்டுமென்றால் மிளகு, வெள்ளை மிளகு, கேயென் மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் போடுங்கள். மூன்று மிளகும் மூன்று விதமாக உறைக்கும். ஒன்று நாக்கு நுனியில், ஒன்று மூக்கில், இன்னொன்று விழுங்கியபிறகு தொண்டையில். கேஜன் சமையலை அமெரிக்கா முழுக்கக் கொண்டுபோன பால் புரூடோம் இந்த மூன்று மிளகுச் சேர்க்கைக்குப் பேர்போனவர். அவரும் லூசியானாவின் ஓப்பலூசஸ் பகுதியில் பிறந்தவர்தான்.

இறைச்சிகளை மறுபடி சட்டியில் போட்டு, சூடான சாற்றை ஊற்றி, தைம், பிரிஞ்சி இலை, உப்பு, மிளகுகள் சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். பத்து நிமிடம் கொதித்தபிறகு தீயை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் சும்மா விடுங்கள். எண்ணெய் மேலே மிதந்து வரும். அதைக் கரண்டியால் வழித்து எடுத்துவிடுங்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் இந்த இடத்தில் காட்டும் பொறுமை எனக்கு இன்றும் ஆச்சரியம். ஒரு சின்ன அகப்பையோடு சட்டி ஓரமாகக் குனிந்து, கடைசித் துளிவரை வழிப்பார். எண்ணெய் மிச்சமிருந்தால் ஆறியதும் சோறு பிசுக்காகிவிடும் என்பார். உண்மைதான்.

அடுத்து உப்பு பார்க்க வேண்டும். சாறு இந்தக் கட்டத்தில் உங்கள் வாய்க்கு ஒரு சிட்டிகை கூடுதலாகவே கரிக்க வேண்டும். அரிசி வெந்ததும் அது சமமாகிவிடும். இப்போது சரியாக இருந்தால் பிறகு சப்பென்று இருக்கும். வெந்தபிறகு உப்பைத் தூவினால் அது சோற்றுக்குள் போகாது.

அரிசி எது என்பதில் நமக்கு ஒரு நல்ல செய்தி. இந்தப் பகுதியில் நிறையப் பேர் பயன்படுத்துவது நீளமான புழுங்கல் அரிசி. லூசியானாவில் நெல் பெரிதாக விளைவது கிரௌலி ஊரைச் சுற்றித்தான். 1909 முதல் அங்கே நெல் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. அந்தப் பக்கம் காரில் போனால் வயலில் நெல்லும், நெல் இல்லாத காலத்தில் அதே வயலில் கிராஃபிஷ் என்ற நன்னீர்ச் சிங்கியும் வளர்வதைப் பார்க்கலாம். புழுங்கல் அரிசி இதற்கு ஏன் பொருந்துகிறது என்பது நெல் அவிக்கும் ஊரில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. உமியோடு அவியும்போதே மாவுச்சத்து இறுகிவிடுகிறது. கொழுப்பான சாற்றில், கனமான சட்டியில் வெந்தாலும் பருக்கை உடையாமல் உதிரியாக நிற்கும். பச்சரிசியிலும் செய்யலாம், ஆனால் தண்ணீர் கால் கப் கூடினாலே குழைந்துவிடும். சென்னையில் செய்கிறவர்கள் செல்லா என்ற புழுங்கல் பாஸ்மதி வாங்கலாம். இட்லி அரிசி வேண்டாம்.

அளவு: ஒரு கப் அரிசிக்கு ஒன்றேமுக்கால் கப் சாறு. அரிசி பையில் இரண்டு கப் என்று போட்டிருக்கும். இங்கே வெங்காயத்திலும் இறைச்சியிலும் ஏற்கெனவே ஈரம் இருப்பதால் அவ்வளவு வேண்டாம். சாறு மறுபடி தளதளவென்று கொதிக்கும்போது அரிசியைப் போட்டு, அடிவரை ஒருமுறை கிளறி, மூடாமல் விடுங்கள். சில நிமிடத்தில் அரிசி உப்பி மேலே எழும்பி, சாற்றின் மட்டத்துக்கு வந்து துள்ளும். அப்போது தீயை மிகவும் குறைத்து மூடியைப் போடுங்கள்.

இதன்பிறகு இருபத்தைந்து நிமிடம் மூடியைத் திறக்கக் கூடாது. எட்டிப் பார்க்கவும் கூடாது. திறக்கும்போதெல்லாம் வெளியேறும் ஆவிதான் மேலே இருக்கும் அரிசியை வேகவைக்க வேண்டிய ஆவி. நேரம் ஆனதும் திறந்து, தட்டைக் கரண்டியை ஓரமாகச் செருகி, அடியில் இருப்பதை மேலே கொண்டுவந்து மெதுவாக ஒருமுறை புரட்டுங்கள். ஒரே முறை. திரும்பத் திரும்பக் கிளறினால் பருக்கை உடைந்து மாவு வெளியே வந்து கூழாகிவிடும். பிறகு தீயை அணைத்து, மூடி, பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். வெங்காயத்தாளும் பார்ஸ்லியும் பரிமாறும்போதுதான்.

கூட்டத்துக்குச் செய்வதாக இருந்தால் எல்லாவற்றையும் அப்படியே பெருக்கக் கூடாது. சட்டி பெரிதாகப் பெரிதாக, ஆவியாகிப் போகும் தண்ணீரின் விகிதம் குறையும். நாற்பது பேருக்கு ஒரு கப் அரிசிக்கு ஒன்றரைக் கப் சாறே போதுமாக இருக்கிறது. மிளகாய்த்தூளையும் அப்படிப் பெருக்காமல், முதலில் பாதி போட்டு, சுவைத்துப் பார்த்து ஏற்றுங்கள். இறைச்சியைச் சிவக்கவைக்கும் நேரம் மட்டும் எந்தச் சட்டியிலும் குறையாது.

2016 ஆகஸ்டில் பேட்டன் ரூஜைச் சுற்றி வெள்ளம் வந்தது. சில இடங்களில் சில நாட்களுக்குள் இரண்டு அடிக்கு மேல் மழை. தண்ணீர் வடிந்தபின் தெருத்தெருவாக ஊறிப்போன மெத்தையும் சுவர்ப்பலகையும் மலையாகக் குவிந்து கிடந்தன. சமைக்க அடுப்பு இல்லாத வீடுகள் எத்தனையோ. எங்கள் தெருமுனையில் பெரியவரும் அவருடைய தேவாலயத்து நண்பர்களும் கேஸ் அடுப்பின்மேல் சட்டியை ஏற்றினார்கள். நாங்கள் வெங்காயம் நறுக்கினோம். அவ்வளவு அவசரத்திலும், வரிசையில் ஆட்கள் காத்திருக்கும்போதும், அவர் இறைச்சியைச் சிவக்கவைப்பதில் ஒரு நிமிடத்தைக்கூடக் குறைக்கவில்லை. வீட்டை இழந்து நிற்கிறவர்களுக்குச் சூடாக ஒரு சாப்பாடு கொடுக்கிறோம், அது நல்ல சாப்பாடாக இருக்க வேண்டும் என்றார். அன்று நான் அவர் பக்கத்தில் நின்று சுரண்டக் கற்றுக்கொண்டதுதான் மேலே எழுதியிருப்பதில் பெரும்பகுதி.

பரிமாறுவது எளிது. இந்தப் பக்கத்தில் ஜம்பலாயாவோடு குழைய வேகவைத்த வெள்ளை பீன்ஸ் ஒரு கரண்டி, ஒரு துண்டு பிரெஞ்சு ரொட்டி, கொஞ்சம் முட்டைக்கோஸ் சாலட் வைப்பார்கள். பீன்ஸைச் சோற்றின் மேலேயே ஊற்றிச் சாப்பிடுகிறவர்கள் உண்டு, நானும் அப்படித்தான். தயிர்ப் பச்சடியும் நன்றாகவே சேர்கிறது. வீட்டில் பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கிறது.

மிச்சமிருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் அகலமான பாத்திரத்தில் பரப்பி ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். வெந்த சோறு வெளியே கிடந்தால் அதில் வளரும் கிருமி, மறுபடி சூடாக்கினாலும் விட்டுப்போகாத நஞ்சை உண்டாக்கும். இறைச்சியும் சேர்ந்திருப்பதால் இன்னும் கவனம் வேண்டும். மறுநாள் மைக்ரோவேவில் வைப்பதைவிட, இரும்புத் தோசைக்கல்லில் ஒரு கரண்டி சாறு தெளித்து மூடிவைத்துச் சூடாக்குங்கள். ஆவி பரவியதும் மூடியை எடுத்துவிட்டு, அடி கொஞ்சம் மொறுமொறுப்பாகும்வரை கிளறாமல் விட்டு, அதன்மேல் ஒரு முட்டையை உடைத்து ஊற்றினால் காலைச் சாப்பாடு ஆயிற்று.